பெட்டியோடு வாங்குங்கள், பெட்டியோடு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் பழைய 'அரக்குப் பாத்திரங்களை'ச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் கியோட்டோவுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 17 ஆண்டுகளாக இந்தப் பாத்திரங்களைத் தேடி வாங்குகிறேன். வீட்டில் தினமும் அவற்றில்தான் சாப்பிடுகிறோம். தமிழில் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது மனசு கனத்துவிட்டது. தங்க வேலைப்பாடு உள்ளதை மட்டும் வாங்குங்கள், கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வையுங்கள், கூட வரும் மரப்பெட்டி இடத்தைத்தான் அடைக்கும் என்று அதில் இருந்தது. இதை நம்பி நாலு பேர் கிளம்பினால் மிச்சமிருப்பதும் சிதறிப்போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். அரக்கு என்பது பூச்சி சுரப்பது. சூடு காட்டினால் இளகும். முத்திரை வைக்க அது உதவுவதே அதனால்தான். ஜப்பானியர் பூசுவது உருஷி என்ற மரத்தின் பால். ஒரு தடவை இறுகிவிட்டால் அது உருகாது, சாராயத்திலும் கரையாது. ஆவி பறக்கிற மிசோ சூப்பை ஊற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் குடிக்கிறார்கள். அதை அரக்கில் செய்ய முடியுமா? இந்தக் குழப்பம் நம்மிடம் மட்டும் இல்லை. வடமொழியின் 'லாக்ஷா' போர்த்துக்கீசியர் வாயில் 'லாக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'லாக்கர்' ஆகி, கடைசியில் ஜப்பானிய உருஷியின் தலையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. உருஷி என்றே எழுதுங்களேன். சுனாமி, கிமோனோ எல்லாம் நமக்குப் பழகிவிட்டதுதானே.

உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த விளிம்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வகுப்புக்குப் போனேன். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே அரை அங்குலம் தோல் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை மணிக்கட்டு சிவந்து தடித்து, இரண்டு வாரம் தூங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா பார்த்துவிட்டு, வேலை பழகுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் இப்படித்தான் ஆகும் என்றார். இறுகிய பின் அதே பால் யாரையும் ஒன்றும் செய்யாது. குழந்தைக்குக்கூட அதில் சோறூட்டுகிறார்கள்.

அந்தப் பால் எவ்வளவு அரிது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. மரம் 10 முதல் 15 ஆண்டுகள் வளர வேண்டும். அப்புறம் ஜூனிலிருந்து இலையுதிர் காலம் வரை, சில நாட்களுக்கு ஒரு முறை பட்டையில் குறுக்கே கீறி, கசிவதைச் சொட்டுச் சொட்டாக வழித்தெடுப்பார்கள். ஒரு பருவம் முழுக்க உழைத்தால் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது சுமார் 200 கிராம். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். பிறகு அடியிலிருந்து புதுக் கிளை துளிர்க்க வேண்டும். இன்று ஜப்பானில் செலவாகும் உருஷியில் பத்தில் ஒரு பங்குகூட உள்நாட்டில் கிடைப்பதில்லை, பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டில் எடுப்பதில் பெரும்பகுதி வடக்கே இவாத்தே மாநிலத்தில் ஜோபோஜி என்ற ஊர்ப்பக்கம்தான். தேசியப் பொக்கிஷமாக அறிவித்த கோயில்களையும் கட்டடங்களையும் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று அரசின் கலாசார முகமை 2015-ல் சொல்லிவிட்டது. ஆக, இருக்கிற கொஞ்சத்துக்கும் போட்டி. இன்றைக்கு ஒரு சந்தைக் கூடையில் 300 யென்னுக்குக் கிடக்கிற பழைய கிண்ணத்தின் மேல் இருப்பது அந்த மரத்தின் பால்தான்.

உருஷி காய்வதும் விநோதமாக இருக்கும். வெயிலில் வைத்தால் அது சரியாக இறுகாது. பாலில் இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்ய ஈரக்காற்று வேண்டும். அதனால் பூசிய பொருளை, உட்பக்கம் தண்ணீர் தெளித்து ஈரம் ஏற்றிய மர அலமாரிக்குள் வைத்து மூடுவார்கள். ஒரு பூச்சு இறுகியதும் தேய்த்து அடுத்த பூச்சு. நோத்தோ தீபகற்பத்தில் இருக்கும் வாஜிமாவின் கிண்ணமென்றால் உடையக்கூடிய விளிம்பிலும் அடியிலும் முதலில் துணியை ஒட்டுவார்கள். அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷியில் குழைத்து, அடிப்பூச்சாக மறுபடி மறுபடி தடவுவார்கள். மொத்தம் நூறு படிகளுக்கு மேல். நம் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பூச்சு மட்டும்.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

கியோட்டோவில் ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25-ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயிலிலும் சந்தை கூடும். 2019 நவம்பரில் தோஜிக்குப் போயிருந்தேன். ஒரு வியாபாரி பிளாஸ்டிக் கூடையில் மூடி போட்ட சிவப்புக் கிண்ணங்களைக் குவித்து வைத்திருந்தார். ஒன்று 300 யென். ஓரடி தள்ளி ஒரு பழைய மரப்பெட்டி, 1,500 யென், பூந்தொட்டி வைக்க நன்றாக இருக்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. பெட்டி மூடியின் மேல் தூரிகை எழுத்து. மெதுவாகக் கூட்டிப் படித்தேன்: செந்நிறம் பூசிய சூப் கிண்ணம், பத்துப் பேருக்கு. மூடியைத் திருப்பினால் உள்பக்கம் பேரரசர் ஆட்சிக்கணக்கில் மெய்ஜி 35, பத்தாம் மாதம் என்று இருந்தது, அதாவது 1902. பக்கத்தில் வாங்கிய வீட்டுக்காரர் பெயர். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், மை கொஞ்சம் வெளிறிப்போய், ஷோவா 8, மறுபூச்சு என்று இன்னொரு வரி, அது 1933. பெட்டியின் அடியில் கசங்கிய தாள்கள். பள்ளிப் பிள்ளை தூரிகை எழுத்துப் பழகிய தாள்களைக் கிண்ணங்களுக்கு நடுவே திணித்து வைத்திருக்கிறார்கள். ஒரே எழுத்து பத்துப் பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேராகிக்கொண்டே வந்தது.

கூடையை எண்ணினேன். எட்டுக் கிண்ணம், எட்டு மூடி. இரண்டைக் காலையிலேயே விற்றுவிட்டாராம், யாரோ வெளியூர்க்காரர்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டு, கோபுரம் வரை ஓடிப்போய்த் தேடிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் எங்கே கிடைப்பார்கள். 117 ஆண்டுகள், நடுவில் ஒரு போர், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எல்லாவற்றையும் தாண்டிப் பத்தும் ஒன்றாக இருந்தன. ஒரு காலை நேரத்தில் பிரிந்துவிட்டன. அந்த வியாபாரி மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எட்டையும் பெட்டியையும் தாள்களையும் சேர்த்து 3,900 யென் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டி போனால் என்ன போகும் என்று கேட்கலாம். கிண்ணத்தின் அடியில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேருக்கு, எப்போது மறுபூச்சு ஆனது என்பதெல்லாம் பெட்டி மூடியில்தான் இருக்கிறது. பத்துப் பேருக்கான தொகுப்பை ஒரு குடும்பம் வாங்குவது லேசான காரியமும் இல்லை. வாஜிமா வியாபாரிகள் ஊர் ஊராகப் போய் 'வான்கோ' என்று நடத்தினார்கள். அப்படியே நம் சீட்டுதான். பத்து வீடு சேர்ந்து பணம் கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டுக்குச் சீட்டு விழும், அந்த வீட்டுக்குக் கிண்ணத் தொகுப்பு வரும். அப்படிக் காத்திருந்து வாங்கியதால்தான் பெட்டியில் ஆண்டையும் மாதத்தையும் எழுதி வைத்தார்கள். இப்போது கிராமத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது, பின்கட்டுக் களஞ்சியத்திலிருந்து இந்தப் பெட்டிகள் மொத்தமாக வெளியே வருகின்றன. கல்யாணமும் கருமாதியும் மண்டபத்துக்குப் போய்விட்டன. இருபது பேருக்கான கிண்ணம் வீட்டில் யாருக்கு வேண்டும்?

தங்க வேலைப்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒகாத்தா கோரின் என்ற பழைய ஓவியரின் எழுதுபெட்டி இருக்கிறது. பலகைப் பாலமும் ஐரிஸ் பூக்களும் போட்டது. பூவிதழ் சிப்பி, பாலம் ஈயம், இலை தங்கம். அதன் முன் நின்றால் நகர முடியாது. ஆனால் அதே தங்கம்தான் கண்ணை மயக்கவும் செய்யும். மெய்ஜி ஆட்சி வந்ததும் பிரபுக்களின் ஆதரவு நின்றது. 1876-ல் வாள் அணியவும் தடை வந்தது, வாளுறைக்கு உருஷி பூசும் வேலையும் போனது. பிழைப்புக்காகப் பட்டறைகள் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துத் திரும்பின. அருமையான பொருட்களும் போயின, அடிப்பூச்சை மிச்சம்பிடித்து மேலே மட்டும் மினுக்கிய பொருட்களும் கப்பல் கப்பலாகப் போயின. இரண்டாவது வகை இன்று விளிம்பில் பொரிந்து உரிகிறது. அதே காலத்தில் ஒரு விவசாயி வீட்டுக்குச் செய்த வெறும் கறுப்புக் கிண்ணம் கல் மாதிரி இருக்கிறது.

தங்கமில்லாமலும் அலங்காரம் உண்டு. ககாவா மாநிலத்தில் கின்மா என்று ஒரு வேலை: உருஷிப் பரப்பில் மயிரிழை போலக் கீறி, கீறலில் நிற உருஷியை நிரப்பித் தேய்ப்பார்கள். அந்தப் பெயர் தாய்லாந்து மொழியில் வெற்றிலை பாக்கு போடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கிருந்து வந்த வெற்றிலைப் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கலை அது. தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது நெகோரோ. வகாயாமா பக்கம் நெகோரோ கோயிலில் துறவிகள் தங்கள் பாத்திரங்களுக்குக் கீழே கறுப்பும் மேலே சிவப்பும் பூசினார்கள். தினமும் கைபட்டு, துடைத்துத் துடைத்து, சிவப்பு தேய்ந்து கறுப்பு மேகம் மேகமாக வெளியே வந்தது. 1585-ல் ஹிதெயோஷி என்ற போர்த்தலைவரின் படை அந்தக் கோயிலை எரித்தது; பெயர் மட்டும் பொருளோடு நிலைத்தது. அந்தத் தேய்மானத்துக்கு மவுசு வந்ததும் புதுப் பாத்திரத்தையே தேய்த்து அப்படிக் காட்ட ஆரம்பித்தார்கள். வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். உண்மையான தேய்மானம் கை பிடிக்கிற இடத்திலும் உதடு படுகிற விளிம்பிலும் அடிவளையத்திலும்தான் இருக்கும். விரல் எட்டாத மூலையிலும் அதே அளவு தேய்ந்திருந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போருக்குப் பின் பிசின் அச்சில் வார்த்த கிண்ணங்கள், மரத்தூளைப் பிசினில் அழுத்திச் செய்தவை, முந்திரி ஓட்டு எண்ணெயில் தயாரித்த காஷ்யூ பூச்சு எல்லாம் சந்தைக்கு வந்தன. புதுப் பொருளென்றால் 1962-ல் வந்த வீட்டுப்பொருள் தரக்குறிப்புச் சட்டப்படி, மேற்பூச்சு உருஷியா வேறா, அடி மரமா பிசினா என்று சீட்டிலேயே இருக்கும். பழையதில் சீட்டு ஏது. நான் முதலில் மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பேன். மரமென்றால் சத்தம் அடங்கி வரும், கையில் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அடிவளையத்தின் உள்விளிம்பில் அச்சுக்கோடு ஓடினால் பிசின். சூடான சூப்பை ஊற்றியும் வெளிப்பக்கம் கை சுடவில்லை என்றால் மரம்.

இனி அந்தக் கண்ணாடி அலமாரி. தயவுசெய்து வேண்டாம். 1874-ல் வியன்னா கண்காட்சியிலிருந்து ஜப்பானியப் பொருட்களை ஏற்றித் திரும்பிய நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் இஸு தீபகற்பத்தை ஒட்டி மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்து மீட்ட உருஷிப் பொருட்களில் பெரிய சேதமில்லாதவை இருந்தன. உப்புத்தண்ணீரைத் தாங்கிய அதே உருஷி வெளிச்சத்தைத் தாங்காது. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அலமாரி விளக்கின் சூடு காற்றை வேறு உலர்த்தும். உள்ளே இருக்கும் மரம் சுருங்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் குளிர்காலத்தில் ஒரு கறுப்புத் தாம்பாளத்தை ஹீட்டர் அடிக்கிற சுவரில் அழகுக்குச் சாய்த்து வைத்தேன். ஜனவரியில் ஓர் இரவு 'டப்' என்று சத்தம். குறுக்கே ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. அதைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா. அவர் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அவரிடம் போய்ச் சொல்லும்போது எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: ஏன் அதில் சாப்பிடாமல் சுவரில் வைத்தாய் என்று.

அன்றிலிருந்து எல்லாமே சாப்பாட்டுக்குத்தான். சாப்பிட்டு முடித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியால் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து வைப்பது, அவ்வளவுதான் வேலை. நாரும் பிரஷ்ஷும் கூடாது, மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகவே ஆகாது. கழுவும்போது கிடைக்கிற கொஞ்ச ஈரமே மரத்துக்குப் போதும். நாளாக ஆக உருஷி தெளிந்து, சிவப்பு பிரகாசமாகிறது. கடையில் வாங்கும்போது மண்நிறமாக இருந்த ஒரு கிண்ணம் ஆறு ஆண்டில் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருக்கிறது.

அந்த எட்டுக் கிண்ணங்களில் மூன்றுக்கு விளிம்பு பெயர்ந்திருந்தது. 2023 அக்டோபரில் வாஜிமாவில் ஒரு பட்டறைக்கு மறுபூச்சுக்கு அனுப்பினேன். முன்பு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், பெட்டியையும் சேர்த்து அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். ஒரு கிண்ணத்துக்கு 9,000 யென். கிண்ணத்தை வாங்கியது 300-க்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

2024 ஜனவரி 1, மாலை 4.10-க்கு நோத்தோவில் 7.6 அளவில் நிலநடுக்கம். வாஜிமாவின் காலைச் சந்தைத் தெருவில் தீ பிடித்துச் சுமார் 240 கட்டடங்கள் போயின. உருஷிக் கடைகளும் பட்டறைகளும் இருந்த இடம் அது. மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாத நேரத்தில் கிண்ணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. மார்ச்சில் அவர்களே கூப்பிட்டார்கள். வீடு சாய்ந்துவிட்டது, எல்லோரும் பிழைத்துக்கொண்டோம், உங்கள் பெட்டியை வெளியே எடுத்துவிட்டோம், ஆனால் நாளாகும் என்றார்கள். செப்டம்பரில் பெருமழை வந்து தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அப்போதும் நான் கேட்கவில்லை. நீங்கள் பழையதை மட்டும் வாங்குகிறவராக இருந்தாலும், அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அவர்களுக்கு வேலை வந்துகொண்டே இருக்க வேண்டும். உடைந்ததை வாஜிமா, ஐஸு, எச்சிஸென் மாதிரி உருஷி வேலை நடக்கிற ஊர்களுக்கு அனுப்புங்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

பெட்டி 2025 ஜூனில் வந்து சேர்ந்தது. மூன்று கிண்ணமும் எது பெயர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தன. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மெய்ஜி 35-க்கும் ஷோவா 8-க்கும் கீழே, புது மையில், ரெய்வா 7, மூன்றுக்கு மறுபூச்சு என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதச் சொல்லவில்லை. எழுத்துப் பழகிய தாள்களையும் மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்திருந்தார்கள். எட்டுக் கிண்ணங்களும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு கிண்ணத்துக்கான இடம் காலி. வேறு எதையும் நான் அங்கே வைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கியோட்டோ, ஜப்பான்